புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும் என்று நம்பி நான் இழந்த 9,688 ரூபாய்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது, என் இடது கால் கட்டைவிரல் நகம் போர்வை நூலில் மாட்டிக் கழன்று வந்துவிட்டது. வலி இல்லை. வாரக்கணக்கில் கறுத்துப்போய் ஆடிக்கொண்டிருந்த நகம்தான். ஆனாலும் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது கை நடுங்கியது. எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை. செருப்பு கடித்த ஒரு சின்னப் புண்ணில் ஆரம்பித்து, கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அந்த நோய் எனக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் நான் ஓடவே ஆரம்பித்தேன். ஓடப் போய் விரலுக்கு வம்பை வாங்கிக்கொண்டேனே என்று அன்று முழுக்க மனசு சரியில்லை. ஓடுகிற ஷூவை எப்படி அளவு பார்த்து வாங்குவது என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் ஆறு மாதமும் பத்தாயிரம் ரூபாயும் மிச்சமாகியிருக்கும். எனக்குச் சொல்ல ஆள் இல்லை, அதனால் நான் எழுதி வைக்கிறேன்.

நான் மதுரையில் ஓர் உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. வயது 42. போன ஜூனில் பள்ளி திறந்த கையோடு எடுத்த ரத்தப் பரிசோதனையில், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்தது. 5.7 தொட்டாலே எச்சரிக்கை, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். டாக்டர் மாத்திரை எழுதவில்லை, நடக்கச் சொன்னார். வீடு தெப்பக்குளத்துக்குப் பக்கம், அதனால் இடத்துக்குப் பஞ்சமில்லை. காலை ஐந்தேகாலுக்குப் போனால் பாதி அனுப்பானடி அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கும். திருமலை நாயக்கர் வெட்டிய குளம் எத்தனை பேருடைய சர்க்கரையைக் குறைத்திருக்கிறது என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. முதல் மாதம் நடந்தேன். பக்கத்தில் ஒரு காலேஜ் பெண் ஓடுவதைப் பார்த்து, ஒரு பக்கச் சுவர் நீளத்துக்கு ஓடிப் பார்த்தேன். மூச்சு வாங்கியது, ஆனால் பிடித்திருந்தது. சரி, ஷூ வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தது அப்போதுதான்.

ஆடித் தள்ளுபடி நேரம். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பெரிய கடை ஒன்றுக்குப் போனேன். நேரத்தை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும். கடைப் பையன், “என்ன சைஸ்க்கா?” என்றான். “ஆறு” என்றேன். கல்யாணம் ஆனதிலிருந்து ஆறுதான், எல்லாச் செருப்பும் ஆறு. ஊதாவில் ஒன்று கொண்டுவந்தான். வெறுங்காலில் நுழைத்து நின்றேன். முன்னால் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “கரெக்டா இருக்குக்கா” என்றான். சுண்டுவிரல் பக்கம் இறுக்குகிறதே என்றேன். “புதுசு அப்படித்தாங்க்கா இருக்கும். போடப் போட லூஸாயிரும்.”

நான் நம்பினேன். அவன் மேல் மட்டும் தப்பில்லை. சின்ன வயதில் புதுச் செருப்பு வாங்கினால் அம்மா உட்பக்கம் தேங்காய் எண்ணெய் தடவி இரண்டு நாள் வைப்பார். மூன்றாம் நாள் குதிகாலில் கொப்புளம் வரும், பத்தாம் நாள் செருப்பு பழகிவிடும். புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும் என்பது நம் வீடுகளில் கிட்டத்தட்ட ஒரு சட்டம். ஆனால் அது தோல் செருப்புக்கான சட்டம். தோல் இழுபடும், காலின் வடிவத்துக்கு வரும். ஓடுகிற ஷூவின் மேல்பாகம் செயற்கை நூலில் நெய்த வலை. அதற்குமேல் பிளாஸ்டிக் பட்டைகளைச் சூட்டில் ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் பஞ்சு கொஞ்சம் அமுங்கலாம், அவ்வளவுதான். நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட அதிகமாகாது. கடையில் இறுக்கினால் ஆறு மாதம் கழித்தும் இறுக்கும். 2,799 ரூபாய் கொடுத்து இதைத்தான் முதல் பாடமாகக் கற்றேன்.

முதல் வாரம் சந்தோஷமாகத்தான் போனது, ஒரு சுற்றுக்கு மேல் ஓடவில்லை அல்லவா. மூன்று சுற்று ஓட ஆரம்பித்ததும், கடைசிச் சுற்றில் கட்டைவிரல் ஒவ்வொரு அடிக்கும் முன்சுவரில் போய் முட்டுவது தெரிந்தது. ஓடும்போது கால் ஷூவுக்குள் முன்னால் நழுவும். அரை மணி நேரம் ஓடினால் வீங்கவும் செய்யும். நிற்கும்போது ‘கரெக்டா’ இருப்பது ஓடும்போது சின்னதாகிவிடும் என்பது இதனால்தான். நீளமான விரலுக்கும் ஷூ முனைக்கும் நடுவில் கைக்கட்டைவிரல் அகலம், அதாவது ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடம் வேண்டும். நீளமான விரல் எது என்பதையும் பாருங்கள். சிலருக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். பையன் அழுத்திப் பார்ப்பது எப்போதும் கட்டைவிரலைத்தான்.

இதோடு நானே தேடிக்கொண்ட இரண்டு வினைகள். ஒன்று, சாக்ஸ். தனியாக எதற்கு என்று மகனுடைய பள்ளிக்கூட வெள்ளைச் சாக்ஸை மாட்டிக்கொண்டு போனேன். பருத்தி வியர்வையைக் குடித்து ஈரத்திலேயே நிற்கும், ஈரத் துணி தோலை உரசிக் கொப்புளம் போடும். பாலியஸ்டர் அல்லது நைலான் கலந்த ஓட்டச் சாக்ஸ் இதற்கு மேல். பருத்திதான் உடம்புக்கு நல்லது என்று வளர்ந்த எனக்கு இதை ஏற்கக் கொஞ்சம் காலம் பிடித்தது. இன்னொன்றை எந்த ஷூ விளம்பரத்திலும் சொல்ல மாட்டார்கள்: மெட்டி. செருப்புப் போடும்போது மெட்டி வெளியில் காற்றாட இருக்கும். ஷூவுக்குள் அது பக்கத்து விரலை அழுத்தும். நான்காம் வாரம் சாக்ஸைக் கழற்றினால் இரண்டாவது விரலைச் சுற்றி மெட்டியின் முத்துமுத்தான விளிம்பு அப்படியே சிவப்பாகப் பதிந்திருந்தது. இடது காலில் தோல் உரிந்தும் விட்டது. அங்கே உப்பு வியர்வை பட்டதில் வந்த எரிச்சல் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மெட்டியைக் கழற்றி குங்குமச் சிமிழ் பக்கத்தில் வைத்துவிட்டுக் கிளம்பிய முதல் நாள் அத்தை வாசலிலேயே பிடித்துவிட்டார். “ஏத்தா, மெட்டியக் கழட்டிட்டா வெளிய போற?” அவர் கோபப்படவில்லை, பயந்தார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு மாதிரி இருந்ததால் அன்று ஓடாமலே திரும்பிவிட்டேன். அப்புறம் ஒரு நாள் காயத்தைக் காட்டினேன். அப்பாவின் விரல் கதை அவருக்கும் தெரியும். “சரி, வந்ததும் போட்டுக்க” என்றார். அவ்வளவுதான். இதற்காக ஒரு மாதம் விரலைப் புண்ணாக்கிக்கொண்டது என் மடத்தனம். கழற்ற மனசில்லாதவர்கள், உருண்டையோ முத்தோ இல்லாத மெல்லிய தட்டை வளையமாக மாற்றிப் பார்க்கலாம். சர்க்கரை உள்ளவர்கள் என்றால் ஓடும்போது கழற்றியே ஆக வேண்டும் என்பேன். காலில் உணர்ச்சி மங்கியிருந்தால் அழுத்துவதே தெரியாது.

ஆவணிக் கடைசியில் நகத்தடியில் ரத்தம் கட்டிக் கறுத்தது. ஷூ வாங்கிய கடையில் கேட்டேன். ஜெல் இன்சோல் போட்டால் மெத்தென்று இருக்கும் என்று 650 ரூபாய்க்கு ஒன்றை விற்றார்கள். யோசித்துப் பாருங்கள், ஏற்கெனவே இடம் பற்றாத ஷூ. அதற்குள் கனமாக இன்னொரு அட்டையை வைத்தால் கால் மேலே ஏறும், இருக்கிற இடமும் போகும். ஒரே வாரத்தில் நகம் இரண்டு மடங்கு வலித்தது. டாக்டரிடம் போனேன். பார்த்ததுமே, “புதுசா ஓட ஆரம்பிச்சீங்களா? ஷூ சின்னது” என்றார். நகம் விழும், முழுதாக வளர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்றார். ஃபீஸும் மருந்துமாக 1,240. அவர் சொன்ன ‘ஷூ சின்னது’ என்ற இரண்டு சொல் மருத்துவத்தைக் கடையில் யாராவது இலவசமாகச் சொல்லியிருக்கலாம்.

இங்கேதான் இரண்டாவது தப்பு. ஷூ சின்னது என்றால் பெரிதாக வாங்க வேண்டும், அவ்வளவுதானே? தீபாவளித் தள்ளுபடியில் ஆன்லைனில் அதைவிட விலை கூடிய பெண்கள் ஷூ ஒன்றை 4,999-க்குப் போட்டேன். சுண்டுவிரல் இறுக்கம் மனதில் இருந்ததால் ஏழைத் தாண்டி எட்டே வாங்கிவிட்டேன். வந்தது, போட்டேன், முன்னால் தாராளமாக இடம். அன்று சாயங்காலமே டேக்கைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் தெப்பக்குளம் போனேன். விரல் முன்னால் முட்டுவது நின்றது. ஆனால் குதிகால் ஒவ்வொரு அடிக்கும் மேலே எழும்பி எழும்பி உட்கார்ந்தது. சுண்டுவிரல் அப்போதும் இறுக்கம்தான். குதிகால் ஆடாமல் இருக்க லேஸை இழுத்துக் கட்டினேன், கால் மேல்பாகம் மரத்துப்போனது. ஷூ மடிகிற இடமும் என் விரல்கள் மடிகிற இடமும் வேறு வேறாக இருந்தன. இரண்டு குதிகாலிலும் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். திருப்பி அனுப்பக் கேட்டேன், அடியில் மண் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆன்லைனில் வாங்கினால் டேக், பெட்டி எதையும் தொடாமல், வீட்டுக்குள் போர்வை விரித்து அதன்மேல் இரண்டு நாள் நடந்தும் குதித்தும் பாருங்கள். ஐயம் இருந்தால் வெளியே எடுத்துப் போகாதீர்கள்.

ஐயாயிரம் ரூபாய் ஷூ பரணில் கிடக்க, நான் பட்டுச்சேலைக்கு, சர்க்கரைக்காரர்கள் போடும் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு பள்ளி விழாவுக்குப் போனேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் என் காலையே பார்த்தார்கள். கார்த்திகை முழுக்க ஓடவில்லை. உனக்கெல்லாம் ஓட்டம் எதற்கு என்று மனசு சொல்ல ஆரம்பித்திருந்தது. வீட்டில் யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டேன்.

மார்கழியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போட்டிக்குப் போயிருந்தேன். எங்கள் பள்ளியில் முன்பு இருந்து ஓய்வுபெற்ற பி.டி. சார் அங்கே வந்திருந்தார். புலம்பலை எல்லாம் கேட்டுவிட்டு, “அளவு எடுத்தீங்களா டீச்சர்?” என்றார். ஆறு, எட்டு என்றேன். “அது ஷூவோட நம்பர். உங்க காலோட அளவு என்ன?” எனக்குத் தெரியவில்லை. நாற்பத்திரண்டு வருஷம் கூடவே இருக்கிற கால். ஜாக்கெட் அளவு தெரியும், வளையல் அளவு தெரியும், இது தெரியாது.

அவர் சொன்னபடி அன்று இரவு ஏழு மணிக்குச் செய்தோம். நேரம் முக்கியம். காலையில் இருக்கும் கால் சாயங்காலம் இருப்பதில்லை. நாள் முழுக்க நின்றே பாடம் எடுக்கிற என்னைப் போன்றவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். முதல் ஷூவைக் காலை பதினொரு மணிக்கு வாங்கிய புத்திசாலித்தனம் அப்போது உறைத்தது. பழைய வினாத்தாள் ஒன்றின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டித் தரையில் வைத்து, குதிகால் சுவரில் பட, முழு எடையையும் அந்தக் காலில் போட்டு நின்றேன். வீட்டுக்காரர் குத்துக்காலிட்டு, பென்சிலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்து வரைந்தார். தானே குனிந்து வரையக் கூடாது, குனிந்தால் எடை நகர்ந்துவிடும். கூச்சத்தில் நான் நெளிய, “ஆடாத, பள்ளிக்கூடப் பிள்ளைங்களவிட மோசமா இருக்க” என்றார். வலது 24.6 சென்டிமீட்டர், இடது 25.1. பாதி சென்டிமீட்டர் வித்தியாசம், நகம் போனதும் இடதுதான். இரண்டு காலும் சமமாக இருப்பவர்கள் குறைவாம். பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். விரல்களுக்குக் கீழே பாதம் அகலமாகும் இடத்தில் 10.1. “இது பாதமா, பப்பாளியா?” என்றார். அப்புறம் ஊதா ஷூவின் உள் அட்டையை உருவி அந்தக் கோட்டின் மேல் வைத்தோம். இரண்டு பக்கமும் பென்சில் கோடு வெளியே வழிந்து நின்றது. எட்டாம் நம்பர் அட்டையை வைத்தோம். முன்னால் இடம் கிடந்தது, பக்கவாட்டில் அப்போதும் கோடு வெளியேதான். ஐந்து மாத வேதனைக்கு விளக்கம் அந்த வினாத்தாளில் இருந்தது. எனக்கு நீளம் ஒரு பிரச்சினை, அகலம் வேறொரு பிரச்சினை. அகலத்தை நீளத்தால் சரிசெய்யப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். யூ.கே. அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் நடுவில் சுமார் எட்டரை மில்லிமீட்டர், அரை நம்பருக்கு நான்கு சொச்சம். எல்லாக் கம்பெனிக்கும் ஆறு என்றால் ஒரே ஆறு கிடையாது. ஆண்கள் ஷூவில் யூ.கே. 8 என்று போட்ட மூன்று கம்பெனிகளின் நாக்குப் பட்டையைத் திருப்பிப் பார்த்தால் ஒன்றில் 26.5, ஒன்றில் 27, ஒன்றில் 27.5 சென்டிமீட்டர் என்று இருக்கிறது. அதனால் நம்பரைவிட அந்தச் சென்டிமீட்டரைப் பாருங்கள். அகலத்துக்குத் தனி எழுத்து உண்டு. பெண்கள் ஷூ பொதுவாக ‘பி’ அகலம், ஆண்களுக்கு ‘டி’, அதற்கும் மேல் 2ஈ, 4ஈ. நம் ஊர்க் கால்கள் அகலம் என்பது என் சமாதானம் இல்லை. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாட்டில் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களைவிட இந்தியக் கால்கள் அகலம் என்பது அதில் தெரியவந்தது. வெள்ளைக்காரன் விட்டுப்போன அளவுமுறையில் நாம் நுழையப் பார்க்கிறோம். செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டுவதா என்று நம் ஆட்கள் கேட்பார்களே, நான் ஒரு நகத்தைக் கொடுத்திருக்கிறேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம், பள்ளி விட்டு மாலை ஆறரைக்கு வேறொரு கடைக்குப் போனேன். கையில் ஓட்டச் சாக்ஸ், பர்சில் மடித்த வினாத்தாள், மெட்டி வீட்டில். அங்கே இருந்தவர் என் காலைத் தரையில் பார்த்தே, “உங்களுக்கு ஃப்ளாட் ஃபுட் மேடம், சப்போர்ட் ஷூதான் போடணும்” என்று மூவாயிரம் கூடின ஒன்றை எடுத்தார். ஃப்ளாட் ஃபுட் என்றால் உட்பக்க வளைவு இல்லாத தட்டைப் பாதம். இதைப் பற்றியும் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் பாத வளைவைப் பார்த்து வகை வகையாக ஷூ கொடுத்தும் பார்த்தார்கள், எல்லாருக்கும் ஒரே வகை கொடுத்தும் பார்த்தார்கள். காயம்படுவதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. காலில் ஏற்கெனவே கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்க வேண்டும், மற்றவர்களுக்குப் போட்டவுடன் சுகமாக இருப்பதுதான் முதல் தகுதி. வேண்டாம் என்றேன். ஆண்கள் பக்கம் போய் ஏழாம் நம்பரை, 26 சென்டிமீட்டர் போட்டதை, கேட்டேன். “மேடம், அது ஜென்ட்ஸ்.” “என் காலுக்கு அது தெரியாது தம்பி” என்றேன். எப்படி அப்படிச் சொன்னேனோ, வகுப்பில் பேசுகிற குரலே வந்துவிட்டது.

இரண்டு காலிலும் போட்டு, லேஸ் கட்டி, நின்றேன். கட்டைவிரலுக்கு முன்னால் என் கைக்கட்டைவிரல் அகலம் இடம். சுண்டுவிரல் பக்கம் வலை புடைக்கவில்லை, ஆனால் இடது காலில் லேசாகத் தொட்டது. அகலமான 2ஈ இருக்கிறதா என்றால் சென்னையிலிருந்து வரவழைக்க ஒரு வாரம் என்றார்கள். முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். வந்ததும் கடை வாசலில் போட்டுக்கொண்டு அந்த ஓரம் வரை மெதுவாக ஓடினேன். பழைய நானாக இருந்தால் வெட்கத்தில் செத்திருப்பேன். குதிகால் கொஞ்சம் எழும்பியது. பி.டி. சார் சொல்லிக் கொடுத்திருந்தபடி, மேலே கணுக்கால் பக்கம் சும்மா கிடக்கும் கடைசித் துளையில் லேஸை அதே பக்கமாகவே திரும்ப நுழைத்துச் சின்ன வளையம் விட்டு, எதிர்ப்பக்க நுனியை அந்த வளையத்தில் கோத்து இழுத்தேன். குதிகால் பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிட்டது, விரல் பக்கம் லேஸ் தளர்வாகவே இருந்தது. 5,600 ரூபாய். நிறம் சுமார்தான், சாம்பலில் ஒரு பச்சைக் கோடு.

இதைக் கேட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு அண்ணன், “நம்ம சக்கிமங்கலம் ரேவதி வெறுங்கால்லயே ஓடுச்சுல்ல டீச்சர், உங்களுக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?” என்றார். பாட்டி வளர்ப்பில் வெறுங்காலில் ஓட ஆரம்பித்த பெண்தான். ஆனால் அவருக்கும் பயிற்சியாளர் ஷூ வாங்கிக் கொடுத்தார், டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் அவர் ஓடியது அடியில் முள் வைத்த ஸ்பைக்ஸ் ஷூவோடுதான். அண்ணனிடம் வாதாடவில்லை.

ஊதா ஷூவும் ஜெல் அட்டையும் வீண். எட்டாம் நம்பரை ஒல்லிக் கால் உள்ள ஒரு தோழிக்குக் கொடுத்தேன், அவளுக்குக் கச்சிதம். ஷூவின் பஞ்சு ஏறக்குறைய 500-லிருந்து 800 கிலோமீட்டரில் செத்துவிடும் என்பதால் சமையலறைக் காலண்டரில் தினமும் பென்சிலால் கிலோமீட்டர் எழுதுகிறேன். வைகாசி முடிவில் 412. இடது நகம் பாதி வளர்ந்து, குறுக்கே ஒரு மேடோடு நிற்கிறது.

போன வாரம் வீட்டுக்காரர் தானாகவே ஒரு வெள்ளைத் தாளைச் சுவரோரம் வைத்துக் காலைப் பதித்தார். இப்போது நான் பென்சில். பதினைந்து வருஷமாக எட்டுப் போடுகிறவருக்கு ஒன்பதரை வந்தது. “அதான் பாத்தேன், ஆபீஸ் ஷூவுல காலு மரத்துப் போகுதேன்னு” என்றார். நிமிர்ந்து பார்த்தால் அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு, சேலையைக் கணுக்கால் வரை தூக்கிக்கொண்டு, அடுத்த தாளுக்காக உட்கார்ந்திருக்கிறார். மெட்டியை அவரே கழற்றி மடியில் வைத்திருந்தார்.